ஆசிரியர் குரலும் அதன் பாதுகாப்பும்

1. சுமை

ஆசிரியருக்குத் தொண்டை கட்டினால் அவர் உடல்வாகைக் குறை சொல்வது வழக்கம். தொழிலின் சுமையை யாரும் கணக்கிடுவதில்லை. பேசும்போது பெண்களின் குரல்நாண்கள் நொடிக்குச் சுமார் 200 முறை மோதிப் பிரிகின்றன. ஆண்களுடையவை 100 முதல் 130 முறை. ஒரு பாடவேளையில் ஆசிரியையின் குரல் மொத்தம் 20 நிமிடம் ஒலித்தால்கூட மோதல்கள் 2,40,000. நாண்களின் முன் மூன்றிலொரு பங்கு முடியுமிடத்தில்தான் அதிர்ச்சி மிகுதி. கத்திப் பேசுவோருக்குக் காய்ப்பு விழுவதும் பெரும்பாலும் அங்கேயே.

2. இரைச்சல்

சுற்றிலும் சத்தம் கூடினால் நாம் அறியாமலே குரலை உயர்த்துகிறோம். பிரெஞ்சு மருத்துவர் எத்தியேன் லொம்பார் 1911இல் இதை விவரித்தார். மின்விசிறி, பக்கத்து வகுப்பின் கூட்டுவாசிப்பு, சாலை ஹாரன் ஆகியவற்றோடு போட்டியிடுவது வீண். கைதட்டி அமைதி வந்தபின் பேசுவதும், மாணவர் நடுவே நின்று பேசுவதும் பயன்தரும். இடுப்பில் மாட்டும் சிறு ஒலிபெருக்கியைப் பள்ளியே வாங்கித் தர வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

3. பயிற்சி

வாய் மூடி முனகுதல், உதடு அதிர ஒலித்தல் இரண்டும் நல்லவை. எனினும் ஸ்ட்ரா பயிற்சியையே முதலில் பரிந்துரைப்பேன். குரல் அறிவியலாளர் இங்கோ டிட்சா இதைப் பரவலாக்கியவர். ஸ்ட்ராவின் நுனியைத் தண்ணீரில் இரண்டு விரற்கடை அமிழ்த்தி, ‘ஊ’ என்று ஒலித்தபடி கீழ்ச்சுருதியிலிருந்து மேலேறி இறங்க வேண்டும். குறுகிய குழலில் தேங்கும் காற்றழுத்தம் நாண்களைச் சற்றே விலக்கி வைப்பதால், அவை அதிகம் மோதாமல் அதிர்கின்றன. முதல் பாடவேளைக்கு முன்பும் கடைசி வேளைக்குப் பின்பும் சில நிமிடங்கள் போதும். கழுத்து இறுகினால் நிறுத்திவிட வேண்டும்.

4. பழக்கம்

குடிக்கும் நீர் உணவுக்குழாயில் இறங்குகிறது, குரல்நாண்களைத் தொடுவதில்லை. உடல் ஈரத்தின் வழியேதான் அது பயன்படுகிறது. ஆகவே கரகரத்தபின் ஒரு சொம்பு குடிப்பதைவிட, நாள் முழுதும் மடக்கு மடக்காகக் குடிப்பதே சரி. சுக்கும் பனங்கற்கண்டும் தொண்டைக்கு இதம் தருபவை. காய்ப்பைக் கரைப்பவை அல்ல. செருமல் வந்தால் எச்சில் விழுங்கலாம். தொண்டை கட்டியபோது அழுத்திக் கிசுகிசுப்பதும் சிரமம் தரும், பேசாதிருப்பதே ஓய்வு. இரவு உண்டவுடன் படுத்தால் அமிலம் மேலேறிக் குரல்வளையை எரிக்கலாம்.

5. பரிசோதனை

கரகரப்பு நான்கு வாரம் நீடித்தால் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் குரல்வளையைக் காட்ட வேண்டும். புகையிலைப் பழக்கம் உள்ளவர், மூச்சுத்திணறலோ ரத்தமோ கண்டவர் அதுவரைகூடக் காத்திருக்கலாகாது. காய்ப்பு தொடக்கத்திலேயே தெரிந்தால், பெரும்பாலும் அறுவையின்றிக் குரல் பயிற்சியிலேயே அது சுருங்கும். அந்தப் பயிற்சிக் காலத்தில் ஆசிரியருக்குப் பாடவேளைகளைக் குறைத்துத் தருவது தலைமையாசிரியர் கையில் இருக்கிறது.