உருக்குக்குத் தப்பிய ரோமக் காசு

கே.கே. நகரில் என் வீட்டுக்கு வரும் நம் கல்லூரி மாணவர்கள் முதலில் கேட்பது, "சார், அந்த ரோமக் காசைக் காட்டுங்க" என்பதுதான்.

வரலாறு படித்து முடித்த புதிதில், தெற்காவணி மூல வீதியில் உருக்கக் கிடந்த பழைய வெள்ளியோடு எடைபோட்டு வாங்கியது. ஒரு பக்கம் பேரரசர் அகஸ்டஸ். மறுபக்கம் கேடயம், ஈட்டிகளோடு இரண்டு இளைஞர்கள். மகள் ஜூலியாவின் பிள்ளைகளான கையஸ், லூசியஸ். பேரன்களையே தத்தெடுத்து, தமக்குப் பின் இவர்களே என்று நாடறிய அடித்த காசு. பாவம், லூசியஸ் கி.பி. 2இலும் கையஸ் கி.பி. 4இலும் இறந்துபோனார்கள். பட்டத்துக்கு வந்தவர் டைபீரியஸ். அவர் காசில் அமர்ந்திருக்கும் பெண், தாய் லிவியா என்பர் பலர்.

தமிழகத்தில் கிடைத்த ரோம வெள்ளிக்காசுகளில் பெரும்பாலானவை இவ்விரு வகைதான். உடுமலைப் பக்கம் பூதிநத்தத்தில் மட்டும் ஆயிரத்துக்கு மேல் கிடைத்தன. மிளகுக்கும் முத்துக்கும் வந்த பணம்! பாண்டியன் இருந்த ஊராக மதுரையைக் குறித்த பிளினி, ஆண்டுக்கு 5 கோடி செஸ்டர்ஸ் இந்தியாவுக்குப் போகிறதே என்று அங்கலாய்த்திருக்கிறார். கி.பி. 64இல் நீரோ காசில் வெள்ளியைக் குறைத்த பிறகும் நம்மவர்கள் பழைய காசையே விரும்பினார்கள் என்பது அறிஞர் கருத்து.

ஆனால் என் காசு எந்த ஊர் மண்ணில், எந்தப் பானையில் கிடந்தது? அன்றே கடைக்காரரிடம் கேட்டேன். "யாரோ கொண்டாந்து போட்டாங்க தம்பி" என்றார். ஊர் தெரியாத காசு பாதி ஊமை.

தம்பி தங்கைகளே, உழும்போது காசு கிடைத்ததாகக் கேள்விப்பட்டால் விலை கேட்காதீர்கள். இடத்தைக் குறித்துக்கொண்டு கலெக்டர் ஆபீசில் சொல்லச் சொல்லுங்கள். 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டமும் அதைத்தான் கேட்கிறது. என் காசுக்கு நேர்ந்தது இன்னொரு காசுக்கு நேர வேண்டாம்.