தனியாக வாழும் மாற்றுத்திறனாளி, கூடவே தீராத நோய்: காரைக்காலில் எந்த உதவி கிடைக்கும், எது கிடைக்காது?

தமிழ்நாட்டில் கடும் பாதிப்புள்ள மாற்றுத்திறனாளிகளுக்கு மாதம் 2,000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகை தரப்படுகிறது. டிவியில் அந்தச் செய்தி ஓடும்போது காரைக்கால் கோவில்பத்தில் உட்கார்ந்து பார்ப்பவருக்கு அதில் ஒரு ரூபாய்கூட கிடையாது. பூவத்தில் நண்டலாற்றைத் தாண்டினால் தமிழ்நாடு, தெற்கே வாஞ்சூரைத் தாண்டினால் நாகூர், அதுவும் தமிழ்நாடு. நடுவில் இருக்கும் காரைக்கால் மட்டும் புதுச்சேரி யூனியன் பிரதேசம். பேச்சு, பஸ், மார்க்கெட் எல்லாம் ஒண்ணுதான். ஆனா பென்ஷன், ரேஷன், மருத்துவக் காப்பீடு மூன்றும் வேறு வேறு.

குடும்பத்தோடு இருப்பவர்களுக்கே இந்த வித்தியாசம் குழப்பம் தரும். தனியாக இருப்பவர், நடக்க முடியாதவர், கூடவே சர்க்கரை அல்லது கிட்னி பிரச்சினை உள்ளவர், கையில் பெரிதாகப் பணம் இல்லாதவர் என்றால்? எந்தக் கதவைத் தட்டுவது, எந்தத் தாள் முதலில் வேண்டும் என்று பார்ப்போம்.

நோய் வேறு, ஊனம் வேறு: சட்டம் எங்கே கோடு போடுகிறது?

பலர் தடுக்கி விழும் இடம் இதுதான். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 2017 ஏப்ரல் 19 முதல் நடைமுறையில் உள்ளது. பழைய 1995 சட்டத்தில் 7 வகை ஊனம்தான் இருந்தது. இப்போது 21. பார்கின்சன், மல்டிபிள் ஸ்க்லரோசிஸ், தசைச் சிதைவு, தலசீமியா, ஹீமோபிலியா, சிக்கிள் செல் போன்ற நாள்பட்ட நோய்களும் இந்தப் பட்டியலுக்குள் வந்துவிட்டன.

சர்க்கரை நோய், சிறுநீரகச் செயலிழப்பு, இதய நோய், புற்றுநோய் இதில் இல்லை. "வாரம் மூணு நாள் டயாலிசிஸ் பண்றேன், எனக்கு ஏன் சான்றிதழ் இல்லை?" என்று கேட்பவர்களுக்கு அதிகாரிகள் தெளிவாகப் பதில் சொல்வதில்லை. பதில் இதுதான்: நோயின் பெயருக்குச் சான்றிதழ் கிடையாது, அந்த நோய் உடலில் விட்டுச்சென்ற பாதிப்புக்கு உண்டு. சர்க்கரையால் காலை எடுத்திருந்தால் அது இயக்கக் குறைபாடு. சர்க்கரையால் விழித்திரை கெட்டிருந்தால் அது பார்வைக் குறைபாடு. பக்கவாதத்தில் ஒரு பக்கம் விழுந்திருந்தால் அதற்கும் அளவீடு உண்டு.

இரண்டு குறைபாடு இருந்தால் சதவீதத்தை அப்படியே கூட்ட மாட்டார்கள். பெரிய சதவீதத்தை 90இலிருந்து கழித்து, வருவதைச் சின்ன சதவீதத்தால் பெருக்கி, 90ஆல் வகுத்து, அதைப் பெரியதோடு சேர்ப்பார்கள். ஒருவருக்குக் காலில் 45%, ஒரு கண் முழுதாகப் போனதால் 30% என்று வைத்துக்கொள்வோம். 90இல் 45 போக 45. அதை 30ஆல் பெருக்கி 90ஆல் வகுத்தால் 15. மொத்தம் 60%. காலை மட்டும் காட்டிவிட்டு வந்தால் 45%தான் எழுதப்படும். அதனால் போர்டுக்குப் போகும்போது கண், காது எல்லாவற்றையும் ஒரே விண்ணப்பத்தில் சொல்லிவிடுங்கள்.

அட்டை எப்படி வாங்குவது?

தனித்துவ அடையாள அட்டை, அதாவது யுடிஐடி, மத்திய அரசின் ஸ்வாவலம்பன் இணையதளம் வழியாக விண்ணப்பிக்க வேண்டியது. பரிசோதனை உங்கள் மாவட்ட மருத்துவ அதிகாரியிடம், அல்லது நீங்கள் சிகிச்சை பெறும் அரசு மருத்துவமனையில் நடக்கும். 2024 அக்டோபரில் விதிகள் மாற்றப்பட்டன. 40%க்குக் கீழே என்றால் வெள்ளை அட்டை, 40 முதல் 79 வரை மஞ்சள், 80க்கு மேல் நீலம். சான்றிதழ் தருவதற்கான காலக்கெடு ஒரு மாதத்திலிருந்து மூன்று மாதமாகிவிட்டது. தனியாக இருப்பவருக்கு இது நல்ல செய்தி இல்லை. ஒவ்வொரு அலைச்சலுக்கும் ஆட்டோ காசு அவர் கையிலிருந்துதானே போகிறது!

சதவீதம் குறைவாகப் போட்டதாக நினைத்தால் சட்டத்தின் 59வது பிரிவின்படி மேல்முறையீடு செய்யலாம். அலுவலக வாசலில் யாரும் இதைச் சொல்வதில்லை.

பென்ஷன்: 40க்கும் 80க்கும் நடுவில் மாட்டிக்கொண்டவர்கள்

மத்திய அரசின் இந்திரா காந்தி தேசிய மாற்றுத்திறனாளி ஓய்வூதியம் மாதம் 300 ரூபாய். ஆமாம், முந்நூறுதான். 2012இல் 200இலிருந்து 300 ஆனது, அதற்குப் பிறகு நகரவே இல்லை. அதுவும் வறுமைக்கோட்டுக்குக் கீழே இருக்க வேண்டும், பாதிப்பு 80% இருக்க வேண்டும். சட்டம் 40%ஐ எல்லையாக வைக்கிறது, பென்ஷன் திட்டம் 80%ஐ வைக்கிறது. மேலே கணக்குப் போட்டோமே, அந்த 60% காரருக்கு மஞ்சள் அட்டை உண்டு, மத்திய பென்ஷன் கிடையாது.

இந்த இடைவெளியை மாநிலங்கள்தான் நிரப்புகின்றன. தமிழ்நாட்டில் வருவாய்த்துறை வழியாகத் தரப்படும் மாற்றுத்திறனாளி ஓய்வூதியம் 2023 ஜனவரியில் 1,000இலிருந்து 1,500 ஆனது. புதுச்சேரியில் சமூக நலத்துறை மாத உதவித்தொகை தருகிறது. வயதுக்கும் பாதிப்பு சதவீதத்துக்கும் ஏற்பத் தொகை மாறும். பட்ஜெட்டில் அவ்வப்போது உயர்த்துவதால் பக்கத்து வீட்டுக்காரர் சொல்லும் தொகையை நம்பாமல் காரைக்காலில் உள்ள துறை அலுவலகத்தில் இப்போதைய அரசாணையைக் கேட்பது நல்லது.

சட்டத்தின் 24வது பிரிவில் ஒரு வரி இருக்கிறது. சமூகப் பாதுகாப்புத் திட்டங்களில் மாற்றுத்திறனாளிக்குத் தரும் தொகை, அதே மாதிரி திட்டத்தில் மற்றவர்களுக்குத் தருவதைவிடக் குறைந்தது 25% கூடுதலாக இருக்க வேண்டும். முதியோர் பென்ஷனும் மாற்றுத்திறனாளி பென்ஷனும் ஒரே தொகையாக இருக்கும் எந்த இடத்திலும் இந்தக் கேள்வியை எழுப்பலாம். அதே பிரிவு, அதிக ஆதரவு தேவைப்படுவோருக்குப் பராமரிப்பாளர் படி என்றும் பேசுகிறது. தனியாக வாழ்பவருக்குப் பென்ஷனைவிட அவசியமானது அதுதான். காலையில் ஒரு மணி நேரம் வந்து குளிக்க உதவி, தண்ணி பிடித்து வைத்துவிட்டுப் போகும் ஆளுக்குக் கொடுக்கும் காசு.

இன்னொன்று, பலருக்குத் தெரியாதது. அப்பா அல்லது அம்மா அரசு ஊழியராக இருந்து இறந்திருந்தால், சம்பாதிக்க முடியாத அளவு ஊனமுள்ள மகனுக்கும் மகளுக்கும் வாழ்நாள் முழுக்கக் குடும்ப ஓய்வூதியம் உண்டு. புதுச்சேரி அரசு ஊழியர்களுக்கு மத்திய அரசின் ஓய்வூதிய விதிகளே பொருந்தும். அம்மா இறந்ததோடு பென்ஷன் நின்றுவிட்டது என்று நினைத்து விட்டுவிட்ட குடும்பங்கள் பழைய பென்ஷன் புத்தகத்தை எடுத்துப் பாருங்கள்.

ரேஷன் அட்டையில் ஒரே ஒரு பெயர்

தனியாக வாழ்பவருக்கு முதல் சிக்கல், அவர் தனியாக வாழ்வதை நிரூபிப்பது. பெயர் இன்னும் அண்ணன் வீட்டு அட்டையில் இருக்கும். அண்ணன் சம்பளமும் அதில் சேரும். அட்டை மஞ்சளாக இருக்கும், அதாவது வறுமைக்கோட்டுக்கு மேல். வருமானச் சான்று முதல் மருத்துவக் காப்பீடு வரை எல்லாம் இதில் அடிபடும். பெயரை நீக்கித் தனி அட்டை வாங்குவது சலிப்பான வேலைதான், ஆனா மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால் முடிக்க வேண்டியது அது.

2013 உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் முன்னுரிமைக் குடும்பத்துக்கு ஆளுக்கு 5 கிலோ. தனி ஆள் என்றால் மாதம் 5 கிலோதான். அந்த்யோதயா பிரிவுக்கு அட்டைக்கு 35 கிலோ, தலைக்கணக்கு கிடையாது. வருமானமோ ஆதரவோ இல்லாத மாற்றுத்திறனாளி, தீரா நோயாளி, தனி ஆண், தனிப் பெண் எல்லோரும் அந்த்யோதயா தகுதிப் பட்டியலில் வருகிறார்கள். 5க்கும் 35க்கும் எவ்வளவு தூரம்!

புதுச்சேரியில் இதிலும் ஒரு திருப்பம். 2015 செப்டம்பரிலிருந்து இந்தச் சட்டத்தின் கீழ் வரும் மானியம் தானியமாக இல்லாமல் பணமாக வங்கிக் கணக்குக்குப் போனது. ரேஷன் கடைகள் வருடக்கணக்கில் மூடிக்கிடந்து, 2024 தீபாவளியையொட்டித்தான் இலவச அரிசியோடு மீண்டும் திறந்தன. படுத்த படுக்கையாக இருப்பவருக்கு எது நல்லது? பணம் வந்தால் கடைக்காரரிடம் போன் செய்து வாங்கலாம், வரிசை இல்லை. ஆனா விலை ஏறினால் அதே பணத்தில் அரிசி குறையும். நடக்க முடியாதவர் கோணத்திலிருந்து இந்த விவாதம் அரசியல் மேடையில் அதிகம் நடக்கவில்லை.

காப்பீடு உண்டு, ஆனா மாத்திரைக்கு இல்லை

தமிழ்நாடு முதலமைச்சர் காப்பீடு காரைக்கால்காரருக்குச் செல்லாது. அவர்களுக்கு ஆயுஷ்மான் பாரத், குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம். தகுதிக்கு எடுத்துக்கொண்ட 2011 கணக்கெடுப்பின் அளவுகோல்களில் ஒன்று, மாற்றுத்திறனாளி இருந்து, உடல் திடமான பெரியவர் யாரும் இல்லாத கிராமப்புறக் குடும்பம். 70 வயது ஆனவர்களுக்கு 2024 அக்டோபர் முதல் வருமான வரம்பே இல்லை. நாடு முழுக்க இணைந்த மருத்துவமனைகளில் செல்லும் என்பதால், தமிழ்நாட்டில் திட்டத்தில் உள்ள மருத்துவமனைக்கும் போகலாம்.

ஆனா இது உள்நோயாளிச் செலவுக்கு. தீராத நோய்க்காரரின் காசு கரைவது ஆபரேஷனில் இல்லை, மாசாமாசம் வாங்கும் இன்சுலின், பிரஷர் மாத்திரை, ரத்தப் பரிசோதனை, போக்குவரத்தில். அதற்கு வழி அரசு பொது மருத்துவமனையின் இலவச மாத்திரையும், மக்கள் மருந்தகத்தின் பொதுப்பெயர் மருந்தும்தான்.

கேட்க ஆள் இல்லாத வீட்டில்

சர்க்கரையில் கால் மரத்துப்போனவருக்கு முள் குத்தினாலும் தெரியாது. வீட்டில் யாராவது இருந்தால் "காலில் என்ன ரத்தம்?" என்று கேட்பார்கள். தனியாக இருப்பவர் ஒரு சின்னக் கண்ணாடியைத் தரையில் வைத்து தினமும் உள்ளங்காலைப் பார்க்க வேண்டும். வெயில் நேரத்தில் கோயில் பிரகாரத்தை வெறுங்காலோடு சுற்றினால் கொப்புளம் வந்த பிறகுதான் தெரியும், அதனால் காலையிலேயே போய்விட்டு வருவது மேல்.

பிரிட்ஜ் இல்லாத வீட்டில், பயன்பாட்டில் உள்ள இன்சுலினை ஈரமணல் பரப்பிய மண்பானைக்குள், பாட்டில் நனையாமல் டப்பாவில் போட்டு வைக்கலாம். திறந்த பாட்டில் பெரும்பாலும் நாலு வாரம் தாங்கும். பெட்டிக்குள் இருக்கும் தாளில் சரியான நாள் கணக்கு இருக்கும். ராத்திரி சர்க்கரை இறங்கினால் எழுந்து சமையல்கட்டுக்குப் போக முடியாது. தலைமாட்டிலேயே சர்க்கரையோ குளுக்கோஸோ இருக்கட்டும். செல்போன் அலமாரியில் வேண்டாம், விழுந்தாலும் எட்டுகிற உயரத்தில் இருக்க வேண்டும். தினமும் காலை ஏழு மணிக்குத் தெரிந்த ஒருவருக்கு ஒரு மிஸ்டு கால், வராவிட்டால் அவர் வந்து பார்ப்பார் என்ற ஏற்பாட்டுக்குக் காசே ஆகாது.

ஆம்புலன்ஸ் கூப்பிடும்போது ஒரு விஷயம். நாகை மாவட்டத்திலும் கோவில்பத்து என்று ஊர் உண்டு. 108இல் "காரைக்கால் டவுன் கோவில்பத்து" என்று முழுதாகச் சொல்லுங்கள், பக்கத்தில் உள்ள அடையாளத்தோடு.

புயல் வந்தால்?

2004 டிசம்பர் 26 சுனாமியையும் 2018 நவம்பர் 16 கஜா புயலையும் பார்த்த கடற்கரை இது. கரண்ட் போனால் பேட்டரி சக்கர நாற்காலி நின்றுவிடும், ஆக்சிஜன் கருவி நின்றுவிடும். சட்டத்தின் 8வது பிரிவின்படி மாவட்டத்திலுள்ள மாற்றுத்திறனாளிகள் விவரத்தை மாவட்டப் பேரிடர் மேலாண்மை ஆணையம் பதிவேட்டில் வைத்திருக்க வேண்டும், ஆபத்து வரும்போது அவர்களுக்குத் தகவல் சொல்ல வேண்டும். அக்டோபருக்கு முன்பே ஆட்சியர் அலுவலகத்தில் உங்கள் பெயர், முகவரி, எந்தக் கருவி பயன்படுத்துகிறீர்கள் என்பதை எழுதிக் கொடுத்து ஒப்புகை வாங்கி வையுங்கள்.

"ஏன் தனியா இருக்க, ஹோமுக்குப் போ" என்றால்?

சொந்தக்காரர்கள் மட்டுமில்லை, சில சமயம் அதிகாரிகளும் இதைச் சொல்வார்கள். ஊனமுள்ளவர் தன் விருப்பப்படி எங்கே, யாரோடு வாழ்வது என்பது ஐ.நா. உடன்படிக்கையின் 19வது ஷரத்து. இந்தியா 2007 அக்டோபர் 1இல் அதை ஏற்றது. நம் சட்டத்தின் 5வது பிரிவும் சமூகத்தில் வாழும் உரிமை உண்டு என்கிறது. குறிப்பிட்ட இடத்தில்தான் வாழ வேண்டும் என்ற கட்டாயம் இல்லாமல் பார்க்கவும், வீட்டுக்கே வரும் உதவி கிடைக்கவும் அரசு "முயல வேண்டும்" என்றும் சொல்கிறது. அந்த "முயல வேண்டும்" என்ற சொல்லில்தான் பல வருடம் ஓடிவிடுகிறது. அமெரிக்காவின் பெர்க்லியில், போலியோவால் கழுத்துக்குக் கீழே செயலிழந்த எட் ராபர்ட்ஸும் நண்பர்களும் 1972இல் சுயவாழ்வு மையம் ஒன்றைத் தொடங்கினார்கள். உதவியாளர் ஏற்பாடு, வீட்டில் சாய்தளம், சக்கர நாற்காலி ரிப்பேர் எல்லாவற்றையும் மாற்றுத்திறனாளிகளே நடத்தினார்கள்.

வங்கி, கைரேகை, புகார்

வீட்டை விட்டு வர முடியாதவர்களுக்கும் 70 வயது தாண்டியவர்களுக்கும் வீட்டுக்கே வந்து சேவை தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2017 நவம்பரில் வங்கிகளுக்குச் சொல்லியிருக்கிறது. கையெழுத்து போட முடியாவிட்டால் கை அல்லது கால் கட்டைவிரல் ரேகை, இரண்டு சாட்சிகளோடு செல்லும், அதில் ஒருவர் வங்கி அதிகாரி. ரேகை தேய்ந்துபோனவர்களுக்கு ஆதாரில் கருவிழி, முகப்பதிவு வழி உண்டு. கேமரா முன் கண் சிமிட்டச் சொல்லும் கேஒய்சி முறையால் பார்வையற்றோரும் ஆசிட் தாக்குதலுக்கு ஆளானோரும் தடுக்கப்படுவதைக் கேட்டு, 2025 ஏப்ரல் 30இல் உச்ச நீதிமன்றம் அதை மாற்ற உத்தரவிட்டது.

பெற்ற பிள்ளைகள் கைவிட்டிருந்தால் 2007 பெற்றோர் பராமரிப்புச் சட்டத்தில் மாதம் 10,000 ரூபாய் வரை கேட்கலாம், மனு கொடுக்க வக்கீல் தேவையில்லை. விண்ணப்பத்துக்குப் பதிலே வரவில்லை என்றால் புதுச்சேரி மாற்றுத்திறனாளிகள் ஆணையருக்குத் தபாலில் புகார் அனுப்பலாம், அவருக்கு சிவில் நீதிமன்றத்தின் சம்மன் அதிகாரம் உண்டு. கோர்ட்டுக்குப் போக வேண்டிவந்தால் மாற்றுத்திறனாளிக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச வக்கீல் தர வேண்டும் என்பது 1987 சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தின் 12வது பிரிவு. அதற்கான தேசிய உதவி எண் 15100. முதியோருக்கு 14567. ராத்திரி தூக்கம் வராமல் மனசு பாரமாக இருந்தால் 14416, தமிழிலேயே பேசலாம்.