ஆடவல்லான் மரக்கால்

தில்லைக் கோயிலின் கீழைக் கோபுர வாயிலில் ஆடற் கரணங்கள் நாட்டிய சாத்திரச் சுலோகங்களுடன் செதுக்கப்பட்டிருப்பதைப் பலரும் அறிவோம். கை எங்கே, கால் எங்கே என்பதைக் கல்லே சொல்லிவிடுகிறது. ஆனால் கோயிற்பணியில் ஒருத்தியை அமர்த்தும்போது, அவளுக்கு அந்தக் கலை கைவந்திருக்கிறது என்று தீர்மானித்தவர் யார்? இலக்கணம் எழுதியவரா, ஊதியம் கொடுத்தவரா, உடன் ஆடியவரா?

இதற்கு ஒரு விடை தஞ்சைப் பெரிய கோயிலில் இருக்கிறது. முதலாம் இராசராசனின் 29ஆம் ஆட்சியாண்டை (1014) ஒட்டிய நீண்ட கல்வெட்டு, சோழநாட்டின் பல கோயில்களிலிருந்து கொண்டுவந்து குடியமர்த்தப்பட்ட நானூறு தளிச்சேரிப் பெண்டுகளைப் பெயர், வீடு, பழைய கோயில் ஆகிய விவரங்களுடன் பட்டியலிடுகிறது. ஆடலாசிரியர், பாடுவோர், தச்சர், தையற்காரர், குயவர், நாவிதர், கணக்கர் என்று பட்டியல் நீள்கிறது. ஆடற்பெண்டிர் ஒவ்வொருவருக்கும் ஒரு பங்கு. பங்கொன்றுக்கு ஆண்டுக்கு நூறு கலம் நெல். அதை அளந்த மரக்காலின் பெயர் ஆடவல்லான். அது தில்லைக் கூத்தனின் பெயர். ஆடுவதில் வல்லவன் என்பது பொருள்.

பட்டியலைவிட முக்கியமானது அதனுடன் வரும் விதி. ஒருவர் இறந்தாலோ ஊரைவிட்டுப் போனாலோ அவருடைய நெருங்கிய உறவினர் அந்தப் பங்கைப் பெற்றுப் பணி செய்யலாம். உறவினர் தாமே யோக்கியராக இல்லாவிட்டால், யோக்கியரான ஒருவரைத் தேடி அமர்த்த வேண்டும். உறவினரே இல்லாதபோது, அதே பணியிலிருக்கும் மற்றவர்கள் கூடித் தகுதியுடையவரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பிறப்புரிமையை இவ்விதி ஒழித்துவிடவில்லை. ஆனால் பிறப்பு மட்டும் போதாது என்று கல்லில் எழுதிவைத்தது. கடைசி நிலையில் அளவுகோல் உடன் பணிபுரிவோர் கையில் இருந்தது.

இதைப் பொற்காலமாக்கிக் காட்டுவது என் நோக்கமன்று. அந்த நானூறு பெண்களும் தத்தம் ஊர்களைவிட்டு வர விரும்பினார்களா என்பதற்குக் கல்வெட்டில் ஒரு சொல்லும் இல்லை.

ஏறத்தாழ ஏழு நூற்றாண்டுகள் கழித்து, சிதம்பரத்துக்கு வடக்கே கடலூரில் அளவுகோல் கைமாறியது. 1690இல் ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனி தேவனாம்பட்டினக் கோட்டையை மராட்டியரிடமிருந்து விலைக்கு வாங்கிப் புனித டேவிட் கோட்டை என்று பெயரிட்டது. துணிதான் அவர்களுடைய முதன்மைச் சரக்கு. வணிகர் வழியாக நெசவாளருக்கு முன்பணம் போகும். நெய்த துணி கிடங்குக்கு வரும். அங்கே கம்பெனி ஊழியர்கள் அதை மாதிரித் துணியோடு ஒப்பிட்டு, நீளம், அகலம், இழை நெருக்கம் பார்த்துத் தரம் பிரிப்பார்கள். குறைந்ததென்று கண்டால் விலையைக் குறைப்பார்கள், அல்லது திருப்பி அனுப்புவார்கள். தீர்ப்புச் சொன்னவர் தறியில் அமர்ந்தறியாதவர். நெசவாளரோ அந்த இடத்திலேயே இல்லை. அவருடைய திறன் துணியின் விலையாக மட்டுமே கணக்கில் ஏறியது. பாண்டிச்சேரியில் பிரெஞ்சுக்காரரும், பரங்கிப்பேட்டையில் டச்சுக்காரரும், தரங்கம்பாடியில் டேனியரும் போட்டிக்கு இருந்தவரை நெசவாளருக்கு வேறு வாசல் இருந்தது. போட்டி ஓய ஓய, வாங்குபவர் சொன்னதே தரம் என்றாயிற்று.

அதே கடலூர் வட்டாரத்தில் 1956இல் நெய்வேலி பழுப்பு நிலக்கரி நிறுவனம் உருவானது. நிலம் கொடுத்த குடும்பங்கள் வேலை கேட்டன. இன்றும் கேட்கின்றன. அங்கே மீண்டும் அதே சொல் எதிர்ப்படுகிறது: தகுதி. இம்முறை அது சான்றிதழ், எழுத்துத் தேர்வு என்ற உருவில் வருகிறது. சுரங்கத்தில் இயந்திரம் இயக்குபவருக்குப் பயிற்சியும் சோதனையும் வேண்டும் என்பதை யாரும் மறுக்க முடியாது. அது பலரின் உயிர் சம்பந்தப்பட்டது. ஆனால் 2023 சூலையில் பணி நிரந்தரம் கேட்டு வேலைநிறுத்தம் செய்த ஒப்பந்தத் தொழிலாளர்களை நினைத்துப் பார்ப்போம். பல ஆண்டுகள் ஒரே வேலையைச் செய்தவரின் திறன் ஒவ்வொரு பணிநேரத்திலும் சோதிக்கப்பட்டே வந்திருக்கிறது. அந்தச் சோதனையின் முடிவு எந்த ஏட்டிலும் ஏறுவதில்லை.

இக்குறையை அரசும் உணராமலில்லை. 2015இல் தொடங்கிய பிரதமரின் திறன் மேம்பாட்டுத் திட்டத்தில், பள்ளி செல்லாமல் வேலையிலேயே கற்றதைச் சோதித்துச் சான்றளிக்கும் பிரிவு ஒன்று உண்டு. கொத்தனாரும் தையற்காரரும் அதில் சான்றிதழ் பெறலாம். நல்ல முயற்சிதான். ஆயினும் சோதிப்பவர் வெளியிலிருந்து வருபவர். சான்றிதழைப் பார்த்துக் கூலியை உயர்த்த வேண்டிய கட்டாயமும் வேலை கொடுப்பவருக்கு இல்லை.

தஞ்சைக் கல்வெட்டில் தகுதியும் பங்கும் ஒரே விதிக்குள் இருந்தன. யோக்கியர் என்று தேர்ந்தெடுக்கப்பட்டவருக்கு அந்த நூறு கலம் நெல் உரிமையாயிற்று. தொழிலாளரின் திறனை அளக்க இன்று எத்தனையோ அட்டவணைகள் வந்துவிட்டன. உடன் உழைப்பவரின் சொல்லுக்கும், அளந்தபின் கிடைக்க வேண்டிய நெல்லுக்கும் அவற்றில் இடமில்லாதவரை, அளப்பது வாங்குபவரின் வசதிக்கான தரம்பிரிப்பாகவே நின்றுவிடும்.