காகிதக் கப்பலுக்குத் தடை!

எங்கள் பள்ளிக்கூடத்தில் வெள்ளிக்கிழமை கடைசி பீரியட் ‘கிராஃப்ட்’. டைம்டேபிளில் மட்டும்தான்! கலர் பேப்பர், கத்தரிக்கோல் எல்லாம் எடுத்துவைத்துக்கொண்டு காத்திருப்போம். கணக்கு வாத்தியார் உள்ளே நுழைவார். “காகிதம் மடிக்கிறதெல்லாம் வீட்டுல போய் வெச்சுக்கங்கடா. போர்ஷன் முடியலை, நோட்டை எடுங்க!” அவ்வளவுதான், கப்பல் கவிழ்ந்துவிடும்.

அந்த வாத்தியார் மேல் இப்போது கோபமில்லை. காகிதம் மடிப்பது வெட்டி வேலை என்று அவர் நினைத்தார். ஆபத்தான வேலை என்று ஒரு ராஜாங்கமே நினைத்து, சட்டம் போட்டுத் தடுத்த கதை தெரியுமா உங்களுக்கு?

எல்.கே.ஜி., யு.கே.ஜி. என்கிறோமே... அந்த ‘கே.ஜி.’க்குச் சொந்தக்காரர் ஃபிரெடரிக் ஃப்ரோபெல். 1782-ல் ஜெர்மனியின் துரிங்கியா பகுதியில் ஒரு பாதிரியார் வீட்டில் பிறந்தவர். ஒன்பது மாதக் குழந்தையாக இருக்கும்போதே தாயை இழந்துவிட்டார். அப்பாவுக்கோ சர்ச் வேலைக்கே நேரம் போதவில்லை. தனிமையில் வளர்ந்த பையனுக்கு வீட்டுத் தோட்டம்தான் துணை. பிறகு ஒரு வனத்துறை அதிகாரியிடம் வேலை பழகினார். பெர்லின் பல்கலைக்கழகத்தில் படிகக் கற்களை வகைபிரிக்கும் பேராசிரியருக்கு உதவியாளராக இருந்தார். கல்லுக்குள்ளேயே இத்தனை ஒழுங்கான வடிவம் இருக்கிறதே என்று அசந்துபோனார். அந்த வியப்பு கடைசிவரை அவரை விடவில்லை.

அந்தக் காலத்துப் பள்ளிக்கூடம் எப்படி? பெஞ்சில் உட்கார், வாயை மூடு, சொன்னதைத் திருப்பிச் சொல். சின்னக் குழந்தைகளுக்குப் பள்ளி தேவை என்றே பலரும் நினைக்கவில்லை. ஃப்ரோபெல் தலைகீழாக யோசித்தார். ‘குழந்தைக்கு விளையாட்டுதான் படிப்பு. கைதான் முதல் வாத்தியார்!’

1837-ல் பிளாங்கன்பர்க் என்ற சிற்றூரில் வேலையைத் தொடங்கினார். 1840-ல் அதற்குப் பொருத்தமான பெயரும் கிடைத்தது. கிண்டர்கார்ட்டன். அதாவது, குழந்தைகளின் தோட்டம்.

குழந்தைகளின் கையில் அவர் கொடுத்த பொருள்கள் எல்லாம் எளிமையானவை. முதலில், கம்பளி நூலால் ஆன ஆறு வண்ணப் பந்துகள். அடுத்து, மரத்தாலான உருண்டை, கனசதுரம், உருளை. அப்புறம், எட்டுத் துண்டாகப் பிரித்துச் சேர்க்கக்கூடிய ஒரு கனசதுரம். இவற்றுக்கு அவர் வைத்த பெயர் ‘பரிசுகள்’. கூடவே கைவேலைகள் வந்தன. காகிதம் மடித்தல், கலர் பட்டைகளைப் பாய் மாதிரி பின்னுதல், களிமண் பிசைதல், ஊறவைத்த பட்டாணியில் குச்சி செருகி வீடு கட்டுதல்...

ஒரே மரத்துண்டுகளை வைத்து மூன்று விதமாக விளையாடலாம் என்றார் ஃப்ரோபெல். நாற்காலி, வீடு என்று செய்தால் வாழ்க்கை வடிவம். பாதி, கால் என்று பிரித்து எண்ணினால் அறிவு வடிவம். நட்சத்திரம், பூ என்று கோலம் போட்டால் அழகு வடிவம். ஆக, கணக்கும் கலையும் ஒரே பெட்டிக்குள்!

சொல்லிக்கொடுக்க இளம்பெண்களுக்குப் பயிற்சி கொடுத்தார். அதுவே பலருக்கு உறுத்தலாக இருந்தது. அப்போது 1848-ம் ஆண்டுப் புரட்சி அடங்கியிருந்த நேரம். புதிதாக எதைப் பார்த்தாலும் பிரஷ்ய அரசுக்கு வயிற்றைக் கலக்கியது. 1851 ஆகஸ்டில் கல்வி அமைச்சர் ஃபான் ரவ்மர், கிண்டர்கார்ட்டன்களைத் தடை செய்து உத்தரவு போட்டார். காரணம்? நாத்திகமும் சோஷலிசமும் பரப்புகிறதாம்! நாலு வயசுக் குழந்தை பேப்பர் மடிப்பதில் என்ன சோஷலிசம்?

கார்ல் ஃப்ரோபெல் என்று அவருடைய அண்ணன் மகன் ஒருவர் இருந்தார். தீவிரக் கருத்துகள் கொண்டவர். அவர் எழுதிய சிறு நூலை இவர் தலையில் கட்டிவிட்டது அரசு. “ஐயா, அது நானில்லை” என்று ஃப்ரோபெல் விளக்கம் எழுதிப் பார்த்தார், மன்னர் வரை முறையிட்டார். பலிக்கவில்லை. குழப்பம் தீர்ந்தாலும் தடையை நீக்க அவர்களுக்கு மனசில்லை. அடுத்த வருஷமே, 1852 ஜூனில் ஃப்ரோபெல் கண்ணை மூடிவிட்டார். தடை நீங்கியது 1860-ல். பார்க்க அவர் இல்லை.

ஆனால், விதை காற்றில் பறந்துவிட்டிருந்தது. 1856-ல் மார்கரெத்தா ஷுர்ஸ் என்ற ஜெர்மன் பெண்மணி அமெரிக்காவில் விஸ்கான்சின் மாநிலத்தில் ஒரு கிண்டர்கார்ட்டன் ஆரம்பித்தார். 1876-ல் பிலடெல்பியா கண்காட்சியில் இந்தப் ‘பரிசு’களைப் பார்த்த ஒரு தாய், தன் மகனுக்கு வாங்கித் தந்தார். அந்தப் பையன்தான் பின்னாளில் உலகப்புகழ் கட்டடக் கலைஞரான ஃபிராங்க் லாய்ட் ரைட். அந்த மரக்கட்டைகள் தன் விரல்களிலேயே தங்கிவிட்டதாக வயதான பிறகும் சொல்லிக்கொண்டிருந்தார். அதே 1876-ல் டோக்கியோவிலும் கிண்டர்கார்ட்டன் வந்தது. காகிதம் மடிப்பதில் ஏற்கெனவே கில்லாடிகளான ஜப்பானியருக்குக் கேட்கவா வேண்டும்!

சரி, நம் ஊருக்கு வருவோம். 1893-ல் சென்னையில் ஒரு புத்தகம் அச்சாகிறது. காகித மடிப்பில் வடிவக்கணிதப் பயிற்சிகள் என்பது அதன் விஷயம். ஆங்கிலத்தில் எழுதியவர் டி. சுந்தர ராவ். இந்த யோசனை கிண்டர்கார்ட்டனின் காகித மடிப்புப் பரிசிலிருந்து வந்தது என்று முன்னுரையிலேயே சொல்லிவிடுகிறார். குழந்தைகள் பெட்டியில் இருந்த 200 வண்ணச் சதுரத் தாள்கள் அவருக்குள் பெரிய கணக்கையே கிளறிவிட்டிருக்கின்றன. காம்பஸ் வேண்டாம். கொஞ்சம் காகிதமும் ஒரு பேனாக்கத்தியும் போதும்.

நீங்களே செய்து பாருங்கள். ஒரு சதுரத் தாளை நெட்டுவாக்கில் பாதியாக மடித்து, நடுக்கோடு பதிந்ததும் பிரியுங்கள். இப்போது கீழ் வலது மூலையைத் தூக்கி அந்த நடுக்கோட்டின் மேல் வையுங்கள். மடிப்பு சரியாகக் கீழ் இடது மூலை வழியாகப் போக வேண்டும். மூலை தொட்ட புள்ளியையும் அடிப்பக்க மூலைகள் இரண்டையும் சேர்த்தால், மூன்று பக்கமும் சமமான முக்கோணம்! இப்படியே தொடங்கி ஐங்கோணம், எண்கோணம் என்று நீள்கிறது அவருடைய புத்தகம்.

ஜெர்மனியின் பெரிய கணித மேதை ஃபீலிக்ஸ் கிளைன், தன் நூலில் சுந்தர ராவின் முறையைக் குறிப்பிட்டார். அதைப் பார்த்த அமெரிக்கப் பேராசிரியர்கள் இருவர் புத்தகத்தைத் தேடிப் பிடித்து, 1901-ல் சிகாகோவில் மறுபதிப்பு கொண்டுவந்தார்கள். ஜெர்மனியில் தடை செய்யப்பட்ட விளையாட்டு, சென்னை வழியாக ஜெர்மனிக்கே கணிதமாகத் திரும்பிப் போனது!

ஃப்ரோபெலுக்கு இன்னொரு சோதனையும் காத்திருந்தது. அவருக்குப் பின் வந்த சிலர், எல்லாக் குழந்தையும் ஒரே நேரத்தில் ஒரே மடிப்பை மடிக்க வேண்டும் என்று கிண்டர்கார்ட்டனையே டிரில் மாதிரி ஆக்கிவிட்டார்கள். ஜான் டூயி போன்ற கல்வியாளர்கள் அதைக் கண்டித்தார்கள். தடை போட்டவர்களால் செய்ய முடியாததை சிஷ்யர்கள் செய்யப் பார்த்தார்கள்!

இன்றைக்கும் என்ன வாழ்கிறது? ‘ப்ராஜெக்ட்’ என்று குழந்தைக்குக் கொடுக்கிறார்கள். ராத்திரி பதினோரு மணிக்கு அப்பா அட்டை வெட்ட, அம்மா பசை தடவ, குழந்தை தூங்கிக்கொண்டிருக்கிறது.

ஷ்வைனா என்ற ஊரில் ஃப்ரோபெலின் கல்லறை இருக்கிறது. மேலே ஒரு கனசதுரம், அதன் மேல் உருளை, உச்சியில் உருண்டை. குழந்தைகளுக்கு அவர் கொடுத்த அதே இரண்டாவது பரிசு, கல்லில்!

எங்கள் கணக்கு வாத்தியாரிடம் சுந்தர ராவ் புத்தகத்தை அன்றைக்கே யாராவது கொடுத்திருக்கலாம். போர்ஷனும் முடிந்திருக்கும். எங்கள் கப்பலும் மிதந்திருக்கும்.