மலைநாட்டு லொறியும் எஞ்சினின் மூச்சும்

மத்திய மலைநாட்டின் மேற்குச் சரிவிலே, கெஹெல்கமு ஓயாவும் மஸ்கெலியா ஓயாவும் கலந்து களனி கங்கையாக உருப்பெறும் பகுதியிலே, பொல்பிட்டிய அமைந்துள்ளது. அதன் மின்னிலையம் 75 மெகாவாற் வலுவுடன் 1969 ஆம் ஆண்டில் இயங்கத் தொடங்கிற்று. பொறியியலாளர் டி. ஜே. விமலசுரேந்திர இந்நூற்றாண்டிற்கு முந்திய நூற்றாண்டின் தொடக்க காலத்திலேயே கண்ட நீர்மின் கனவின் ஓர் அங்கம் அது. அக்கனவைப் பற்றிப் பலர் எழுதியுள்ளனர். சீமெந்தையும் இரும்பையும் கொழுந்தையும் அரிசியையும் அம்மலைகளில் ஏற்றி இறக்கிய லொறிகளைப் பற்றி எழுதியவர் சிலரே.

புகையிரதம் 1884 இல் ஹட்டனை அடைந்தது. ஆயினும் அப்பாதை பொல்பிட்டிய வழியாகச் செல்லவில்லை. கித்துல்கலவிலிருந்து கினிகத்தேனை வரைக்கும், அதற்கப்பால் கடல் மட்டத்திலிருந்து 1,200 மீற்றருக்கும் மேலே உள்ள ஹட்டன் வரைக்கும் வளைந்து வளைந்து ஏறும் வீதியே இப்பகுதியின் உயிர்நாடி. இங்கிலாந்தில் 1931 இல் பிறந்த பெட்போர்ட் லொறிகள் இவ்வீதிகளில் பெரிதும் பழக்கமானவை. 1958 இல் வெளிவந்த அதன் நீண்ட மூக்குடைய ஜே வகை, தோட்டத்து மக்களின் நினைவில் லொறி என்ற சொல்லுக்கே உருவம் கொடுத்தது எனலாம்.

அக்கால எஞ்சினுக்கு ஒரு பிறவிக் குறை இருந்தது. உருளையினுள் எரிவாயு வெடித்துப் பிஸ்டனைத் தள்ளும்போது (பாடநூல்கள் அதனை முசலம் என்று கூறும், கராஜில் அச்சொல் செல்லாது) அவ்வாயுவில் ஒரு சிறு பங்கு பிஸ்டன் வளையங்களின் இடுக்கு வழியே கீழே கசிந்து கிராங்க் பெட்டிக்குள் புகும். எவ்வளவு புதிய எஞ்சினாயினும் இக்கசிவை முற்றாகத் தடுக்க இயலாது. தேய்ந்த எஞ்சினிலோ அது பன்மடங்காகும். அவ்வாயு தனியே வருவதில்லை. நீராவி, எரியாத எரிபொருள், கரி, அமிலப் பொருள்கள் யாவற்றையும் உடன் கொண்டு வருகிறது. ஒரு லீற்றர் பெற்றோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லீற்றர் நீர் உண்டாகிறது என்பதைக் கேட்போர் வியப்பர். அதில் பெரும்பகுதி புகைக் குழாயால் வெளியேறிவிடும். எஞ்சிய சிறு பகுதி ஒயிலுடன் கலப்பதே தொல்லை.

இவ்வாயுவை வெளியேற்றப் பழைய பொறியியலாளர் கண்ட வழி மிக எளியது. கிராங்க் பெட்டியிலிருந்து ஒரு குழாயை வண்டியின் அடிப்புறம் வரை இறக்கி, அதன் நுனியைச் சரிவாக வெட்டிவிட்டனர். வண்டி விரைந்து ஓடும்போது அடியிற் செல்லும் காற்று அக்குழாயிலிருந்து ஆவியை உறிஞ்சும். ஒயில் ஊற்றும் வாயின் மூடி வழியே புதிய காற்று உள்ளே வரும். சமவெளியில் இது நன்றாகவே வேலை செய்தது.

மலைநாட்டில்தான் கணக்குப் பிழைத்தது. பாரமேற்றிய லொறி கினிகத்தேனை ஏற்றத்தில் தாழ்ந்த கியரில் ஊர்ந்து செல்கையில் எஞ்சின் தன் முழு வலுவையும் கொடுக்கிறது. ஆகவே கசியும் வாயுவும் மிகுதி. ஆனால் வண்டியின் வேகம் மிகக் குறைவு. ஆகவே குழாயை உறிஞ்சும் காற்று இல்லை. தேவை உச்சத்தில் இருக்கும் அதே வேளையில் வழி அடைபட்டுப் போகிறது. மலையின் வேறிடங்களில் நிலைமை இன்னொரு விதம். கொழுந்து லொறி மலையில் நிறுவை நிலையத்திற்கும் தொழிற்சாலைக்கும் இடையே சிறு ஓட்டங்கள் ஓடி, இடையிடையே நின்று குளிர்ந்துவிடுகிறது. நுவரெலியாவின் குளிரிலும் வட்டவளையின் ஓயாத மழையிலும் எஞ்சின் தக்க சூட்டை அடைவதற்குள் ஓட்டம் முடிந்துவிடும். உள்ளே தங்கிய நீராவி நீராகி, ஒயிலோடு கடைபட்டு, மூடியின் அடியிலே வெளிறிய மஞ்சள் நிறக் குழம்பாகப் படிகிறது. காலப்போக்கில் கரியும் சேர்ந்து, தார் போன்ற கரிய வண்டலாகிறது.

அவ்வண்டல் வெறும் அழுக்கு அன்று. ஒயில் தொட்டியின் அடியில் உள்ள கம்பிவலையை அது மூடினால் ஒயில் அமுக்கம் குறைந்து, தாங்கிகள் உருகிப் போகும். மூச்சுக் குழாயை அடைத்தாலோ உள்ளமுக்கம் ஏறி, கிராங்கின் பின் முனையால் ஒயில் பீறிட்டு கிளச்சை நனைக்கும். நனைந்த கிளச் வழுக்கும். மலையிறக்கத்தில் எஞ்சினின் பிடியையே பெரிதும் நம்பும் சாரதிக்கு அது உயிருக்கே ஆபத்தானது.

1960களின் தொடக்கத்தில் அந்நியச் செலாவணி வறட்சியால் மோட்டார் வாகன இறக்குமதி கடுமையாகக் கட்டுப்படுத்தப்பட்டது. 1977 இல் வணிகம் தாராளமாக்கப்படும் வரை, இருக்கின்ற லொறியை எவ்வாறேனும் காப்பாற்றுவதே வழியாயிற்று. அழுக்கைக் கரைக்கும் சேர்க்கையுடைய புதிய ஒயில்களைப் பழைய மெக்கானிக்குகள் சந்தேகத்தோடு நோக்கியது அறியாமையால் அன்று. பல ஆண்டு வண்டல் ஒரேயடியாகப் பெயர்ந்தால் அதுவே கம்பிவலையை அடைத்துவிடும். தொட்டியைக் கழற்றிக் கழுவிய பின்னரே அத்தகைய ஒயிலை ஊற்றுவது முறை.

இக்குறைக்கு மாற்று, விந்தையாக, போரிலிருந்து வந்தது. இரண்டாம் உலகப் போரில் ஆழ்ந்த நீரைக் கடக்கும் டாங்கிகளில் அடிக்குழாய் வழியே நீர் எஞ்சினுள் புகும் என்பதால், அவ்வாவியை உட்கொள் குழாய்க்கே திருப்பி எரித்துவிடும் முறை கையாளப்பட்டது. பின்னர் லொஸ் ஏஞ்சல்ஸ் நகரின் புகைமூட்டத்தை ஆராய்ந்தோர், மோட்டார் வண்டிகள் கக்கும் எரியாத ஐதரோகாபன்களில் கணிசமான பங்கு இந்த மூச்சுக் குழாயிலிருந்தே வருவதைக் கண்டனர். கலிபோர்னியாவில் 1961 ஆம் ஆண்டு மாதிரிக் கார்களிலிருந்து அம்முறை புகுந்தது. அமெரிக்கர் காற்றைக் காக்கச் செய்தது எஞ்சினையும் காத்தது: வண்டியின் வேகத்தை நம்பாமல் எஞ்சினின் உறிஞ்சலையே நம்பும் வால்வு, நின்றிருக்கும்போதும் ஆவியை இழுத்துக்கொள்ளும். ஏற்றத்தில் திரொட்டில் முழுதும் திறந்திருக்கையில் அவ்வுறிஞ்சலும் தளரும் என்பதால், மிஞ்சும் ஆவி காற்று வடிகட்டிக்குச் செல்ல இன்னொரு குழாயும் பின்னர் இணைக்கப்பட்டது.

பழைய பெற்றோல் லொறி ஒன்றில் இத்தகைய வால்வைப் பொருத்த விரும்புவோர் கபுரேற்றரையும் உடன் திருத்த வேண்டும். மேலதிகக் காற்று புகுவதால் எஞ்சின் சும்மா ஓடுகையில் தடுமாறும். டீசல் எஞ்சினுக்கு அவ்வால்வு பொருந்தாது. அதற்கு மூச்சு மூடியைக் கழற்றி மண்ணெண்ணெயில் அலசி, உலர்த்தி, மீளப் பூட்டுவதே வைத்தியம். ஈரம் மிகுந்த பொல்பிட்டியப் பக்கத்தில் அதனைச் சமவெளியிலும் பார்க்க அடிக்கடி செய்தல் வேண்டும்.