கொங்கில் கடவுள் மறுப்பு: சமயமா, மதமா?

பெருந்துறைக்குப் பக்கத்தில் விஜயமங்கலத்தில் சந்திரப்பிரப தீர்த்தங்கரருக்கு ஒரு கோயில் உண்டு. பெருங்கதை பாடிய கொங்குவேளிர் அந்த ஊர்க்காரர் என்பார்கள். உலகைப் படைத்தவர் என்று எந்தக் கடவுளையும் சமணம் ஏற்பதில்லை. ஆனாலும் அதை மதமல்ல என்று யாரும் ஒதுக்கியதில்லை. கடவுள் இல்லாத இடத்தில் மதமும் இருக்காது என்ற வாதத்தை இந்தக் கோயில் ஒன்றே மறித்துவிடுகிறது. மணிமேகலைக் காப்பியம் இன்னும் தூரம் போகிறது. வஞ்சி நகரில் அதன் நாயகி மணிமேகலை சமயக் கணக்கர்களிடம் அவரவர் கொள்கையைக் கேட்கிறாள். (அந்த வஞ்சி நம் கரூர்தான் என்போரும் உண்டு, கொடுங்கல்லூர் என்போரும் உண்டு.) சைவவாதி, வைணவவாதி, ஆசீவகன் என்று போகும் வரிசையில் பூதவாதியும் நிற்கிறான். பூதங்கள் கூடினால் உணர்வு பிறக்கும், கலைந்தால் போய்விடும், மறுபிறவி பொய் என்பது அவன் கட்சி. மணிமேகலை அவனை மறுக்கிறாள். ஆனால் அவனுக்கும் சமயவாதி என்ற இடம் இருக்கிறது. சைவ சித்தாந்த நூலான சிவஞான சித்தியாரில் பிற சமயங்களை மறுக்கும் பகுதியான பரபக்கமும், கடவுளை மறுக்கும் உலகாயதனோடுதான் வாதத்தைத் தொடங்குகிறது. காரணம் காட்டி நிலைநாட்டும் கொள்கையே சமயம் என்றால், நாத்திகம் தமிழில் என்றைக்கோ சமயமாகிவிட்டது.

ஆனால் இன்றைக்கு விண்ணப்பத்தில் கேட்கப்படும் மதம் வேறு. அது பிறப்போடு வருகிறது. கல்யாணத்தையும் சாவையும் ஆள்கிறது. முறை தவறினால் செல்லாது என்று சொல்லும் அதிகாரம் கொண்டது. இந்த அளவுகோலை வைத்துப் பார்க்க ஈரோட்டை விடப் பொருத்தமான ஊர் இல்லை. அங்கே தேவஸ்தானக் கமிட்டியில் பொறுப்பு வகித்த பெரியார் 1925 மே 2 அன்று ‘குடி அரசு’ தொடங்கினார். 1930ல் அவருடைய சுயமரியாதை இயக்கத்தின் இரண்டாவது மாகாண மாநாடும் ஈரோட்டிலேயே கூடியது. பகத்சிங் நாத்திகரானதன் காரணத்தை விளக்கிய கட்டுரையை ஜீவா தமிழாக்கி வெளியிட்டதற்காக, அவரும் பெரியாரின் அண்ணன் ஈ.வெ.கிருஷ்ணசாமியும் கைதானார்கள். வெறும் மறுப்போடு இயக்கம் நிற்கவில்லை. புரோகிதர் இல்லாத திருமணம், சடங்கில்லாத அடக்கம், பிள்ளைக்குப் புதுப் பெயர் என்று வீட்டுக்குள்ளும் நுழைந்தது. கருஞ்சட்டை வந்தது, பெரியார் சிலைக்கு மாலை வந்தது. ஒரு மதத்தைத் தள்ளிவிட்டு இன்னொன்றை வைத்தார்கள், தலைவரே புரோகிதர் ஆனார் என்ற குற்றச்சாட்டு அங்கிருந்துதான் பிறக்கிறது. அதை எளிதாகத் தள்ளிவிட முடியாது. தலைவரின் சொல்லை ஆராயாமல் ஓதுபவர்கள் எல்லா இயக்கத்திலும் இருக்கிறார்கள்.

அந்தக் குற்றச்சாட்டுக்கு விடை கொங்குக் கல்யாணத்திலேயே கிடைக்கிறது. கொங்கு வேளாளர் வீடுகளின் பழைய முறையில் சீர்கள் எனப்படும் சடங்குகளை நடத்தி வைப்பவர் அருமைக்காரர். மங்கல வாழ்த்துப் பாடுபவர் நாவிதர். பிராமணப் புரோகிதர் தேவைப்படாத கல்யாணம் இந்த மண்ணுக்குப் புதிதல்ல. ஆகவே வேறுபாடு, நடத்தி வைப்பவர் யார் என்பதில் இல்லை. அருமைக்காரர் நடத்தும் சீர்களுக்கு வரிசை உண்டு. யார் எதைச் செய்யலாம், யார் தொடக்கூடாது என்ற கட்டும் உண்டு. இயக்கத்தின் சுயமரியாதைத் திருமணத்திலோ விடக்கூடாத சடங்கு என்று ஒன்றுமே இல்லை. 1953ல் சென்னை உயர்நீதிமன்றம் அத்தகைய ஒரு திருமணத்தைச் செல்லாது என்றது இதனால்தான். அண்ணா ஆட்சி 1967ல் சட்டம் இயற்றியபோதும் இந்த இயல்பை மாற்றவில்லை: உறவினர், நண்பர் முன்னிலையில் இருவரும் ஒருவரையொருவர் ஏற்பதாகத் தமக்குப் புரிந்த மொழியில் சொன்னால் போதும், அல்லது மாலை, மோதிரம், தாலி இவற்றில் ஏதேனும் ஒன்று போதும். ‘ஏதேனும் ஒன்று போதும்’ என்று சொல்லும் மதத்தை நான் அறிந்ததில்லை. சிலைக்கு மாலை போடுவது நன்றி. போடாதவரைத் தீட்டு என்று தள்ளும் விதி அங்கே இல்லை.

அமெரிக்காவில் 2005ல் விஸ்கான்சின் சிறைக் கைதி ஒருவரின் வழக்கில், அரசியல் சட்டப் பாதுகாப்பைப் பொறுத்தவரை நாத்திகத்தையும் மதமாகக் கொள்ளலாம் என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் கூறியது. நமக்கு அந்தச் சுற்றுவழி வேண்டியதில்லை. நம் அரசியல் சட்டத்தின் 25ஆம் பிரிவு மனச்சாட்சிச் சுதந்திரத்தைத் தனியாகவே பெயர் சொல்லிக் காக்கிறது. எனக்கு மதமில்லை என்று சொல்லும் உரிமையை 2014ல் பம்பாய் உயர்நீதிமன்றம் அந்தப் பிரிவிலிருந்தே எடுத்துக்காட்டியது. ஆனால் அண்ணா ஆட்சியின் அந்த 1967ஆம் ஆண்டுச் சட்டம் ஒரு திருத்தமாக இந்து திருமணச் சட்டத்துக்குள் இருக்கிறது. அது பேசுவது இரண்டு இந்துக்களின் திருமணத்தை. கடவுள் இல்லை என்று மேடையில் சொல்லி மணந்தவர்களைப் பதிவேடு இந்துவாகவே எழுதிக்கொள்கிறது. நாத்திகத்தை மதமாக்கிவிட்டால் இது தீரும் என்று நினைப்பவர்கள் உண்டு. தீராது, பிறக்கும் பிள்ளைக்கு நாத்திகன் என்று இன்னொரு முத்திரை விழும், அவ்வளவுதான். 2022ல் கோவையில் ஒரு தம்பதி தங்கள் சின்னஞ்சிறு மகளுக்குக் கேட்டு வாங்கிய சான்றிதழில் சாதியும் மதமும் இல்லை என்றே இருக்கிறது.