மகிழுந்துச் செலுத்தமும் எரிபொருள் சிக்கனமும்

மகிழுந்துச் செலுத்தம் என்பது பொறியில் உண்டாகும் சுழற்சியைத் தேவையான வேகத்திலும் முறுக்குவிசையிலும் சக்கரங்களுக்குக் கொண்டு சேர்க்கும் அமைப்பாகும். ஓட்டுநரே கியரை மாற்றுவது கையியக்கச் செலுத்தம் எனவும், வண்டியே மாற்றிக் கொள்வது தானியங்கிச் செலுத்தம் எனவும் அழைக்கப்படுகின்றன. கையியக்க வண்டியே எப்போதும் குறைவாக எரிபொருள் குடிக்கும் என்ற கருத்து இந்தியாவில் நெடுங்காலமாக நிலவி வருகிறது. 1990களின் தானியங்கி வண்டிகளுக்கு இது பெரும்பாலும் பொருந்தியது. 2014க்குப் பின் வந்தவற்றுக்கு அவ்வாறு பொதுவாகக் கூற இயலாது.

பழைய கருத்தின் அடிப்படை

கையியக்க வண்டியில் பொறிக்கும் பற்சக்கரப் பெட்டிக்கும் நடுவே கிளட்ச் எனப்படும் உரசிணைப்பி உள்ளது. இது முழுமையாகப் பற்றியபின் இரு பக்கமும் ஒரே வேகத்தில் சுழல்வதால் அங்கு இழப்பு இல்லை. மரபான தானியங்கியில் இதற்கு மாற்றாக முறுக்குவிசை மாற்றி என்னும் எண்ணெய் நிரம்பிய கலம் அமைந்திருக்கும். பொறி ஒரு விசிறியைச் சுழற்ற, அது தள்ளும் எண்ணெய் எதிரிலுள்ள மற்றொரு விசிறியைச் சுழற்றும். இரண்டும் முற்றிலும் ஒரே வேகத்தை எட்டுவதில்லை. அந்த வழுக்கலில் இழக்கும் ஆற்றல் எண்ணெயின் சூடாக வெளியேறும். எண்ணெயை அழுத்தத்தில் வைத்திருக்கும் பம்பும் பொறியிடமிருந்தே ஆற்றலைப் பெறுகிறது. கியர்களும் மூன்று அல்லது நான்கே இருந்தமையால், நெடுஞ்சாலையில் பொறி தேவைக்கு மேல் வேகமாகச் சுழல வேண்டியிருந்தது.

இக்குறைகள் ஒவ்வொன்றாகக் களையப்பட்டன. வேகம் சீரானதும் மாற்றியின் இரு பக்கங்களையும் இறுகப் பூட்டும் உரசிணைப்பி, 1970களின் எண்ணெய் நெருக்கடிக்குப் பின் பரவலானது. கியர்களின் எண்ணிக்கையும் கூடியது. மாருதி சுசுக்கி எர்டிகா இதற்கு நல்ல சான்றாகும். 2018இல் வந்த எர்டிகாவின் கையியக்க வகைக்கு லிட்டருக்கு 19.34 கி.மீ. எனவும், நான்கு கியர் கொண்ட தானியங்கிக்கு 18.69 கி.மீ. எனவும் நிறுவனம் அறிவித்தது. 2022இல் தானியங்கிக்கு ஆறு கியர்கள் தரப்பட்டபோது இவ்வெண்கள் முறையே 20.51, 20.30 என ஆயின. அதாவது இடைவெளி 0.65இலிருந்து 0.21ஆகச் சுருங்கியது.

தானியக்கக் கையியக்கச் செலுத்தம்

இந்தியாவில் நிலைமையை மாற்றியது ஏஎம்டி எனப் பரவலாக அறியப்படும் தானியக்கக் கையியக்கச் செலுத்தமே. இதில் பற்சக்கரப் பெட்டியும் உரசிணைப்பியும் கையியக்க வண்டியில் இருப்பவையே. உரசிணைப்பியை அழுத்துவதையும் கியரை நகர்த்துவதையும் மட்டும், கணினியின் கட்டளைப்படி, நீரியல் அல்லது மின் இயக்கிகள் செய்கின்றன. எண்ணெய்க் கலம் இல்லை என்பதால் அதற்குரிய இழப்பும் இல்லை.

2014 பிப்ரவரியில் வெளிவந்த மாருதி சுசுக்கி செலேரியோ இவ்வகையில் இந்தியாவில் பெருமளவில் விற்பனையான முதல் மகிழுந்தாகும். இத்தாலியின் மேக்னெட்டி மாரெல்லி நிறுவனத்தின் நுட்பம் இதில் பயன்பட்டது. கையியக்க வகைக்கும் இதற்கும் அறிவிக்கப்பட்ட எண் ஒன்றே: லிட்டருக்கு 23.1 கி.மீ. ஒரகடத்தில் உருவாகும் ரெனோ குவிட் 2016இலும், இருங்காட்டுக்கோட்டையில் உருவான ஹூண்டாய் சான்ட்ரோவின் புதிய வடிவம் 2018இலும் இந்நுட்பத்துடன் வந்தன. சான்ட்ரோவிலும் இரு வகைக்கும் 20.3 கி.மீ. என்ற ஒரே எண்ணே தரப்பட்டது. 2024இல் வந்த சுவிஃப்டில் தானியக்க வகை முந்தியது; கையியக்கத்துக்கு 24.80, தானியக்கத்துக்கு 25.75. அதே ஆண்டில் டாடா டியாகோ, இயற்கை எரிவாயுவில் ஓடும் வண்டியிலும் இச்செலுத்தத்தைக் கொண்டு வந்தது.

ஏனைய வகைகளுள், இரு கூம்புக் கப்பிகளுக்கிடையே வார் அல்லது சங்கிலி ஓடும் மாறுவிகிதச் செலுத்தம் குறிப்பிடத்தக்கது. நெதர்லாந்தின் டாஃப் நிறுவனம் 1958இல் இதனைச் சிறு மகிழுந்தில் புகுத்தியது. இந்தியாவில் 2014ஆம் ஆண்டின் ஹோண்டா சிட்டி பெட்ரோல் வண்டியில் கையியக்கம் 17.8, மாறுவிகிதம் 18.0 என அறிவிக்கப்பட்டது. கியர் இல்லா ஸ்கூட்டர்களில் இருப்பதும் இதே கோட்பாடுதான். ஆயினும் அங்கு உலர்ந்த ரப்பர் வாரின் இழப்பு மிகுதி என்பதால், கியர் மாற்றும் 100 சிசி மோட்டார் சைக்கிளை விடச் சிக்கனம் குறைவாகவே இருக்கும். இரட்டை உரசிணைப்பிச் செலுத்தம் சிக்கனத்தில் தாழ்ந்ததன்று. பழுது பார்க்கும் செலவில்தான் இடிக்கும்.

அறிவிக்கப்படும் எண்களின் பொருள்

மேற்கண்ட எண்கள் சாலையில் அளக்கப்பட்டவை அல்ல. வண்டியை உருளைகள் மீது நிறுத்தி, திருத்தப்பட்ட இந்திய ஓட்டச் சுழற்சி என்னும் வரைவுப்படி ஆய்வகத்தில் ஓட்டிப் பெறப்பட்டவை. குளிரூட்டி அணைக்கப்பட்டிருக்கும். மேல் வேகம் மணிக்கு 90 கி.மீ. மட்டுமே. நகரப் பகுதியின் சராசரி வேகம் மணிக்கு ஏறத்தாழ 19 கி.மீ.

இதில் பலரும் கவனியாத நுணுக்கம் ஒன்று உண்டு. இச்சுழற்சிக்கு அடிப்படையான ஐரோப்பியச் சுழற்சியில், கையியக்க வண்டி எந்த வேகத்தில் எந்தக் கியரில் இருக்க வேண்டும் என்பது முன்கூட்டியே வகுக்கப்பட்டுள்ளது. நகரப் பகுதியில் மணிக்கு 50 கி.மீ. வேகத்திலும் அது மூன்றாம் கியரிலேயே ஓட வேண்டும். தானியங்கிக்கு இத்தகைய கட்டு இல்லை; கணினி விரும்பினால் நான்காம் கியருக்குச் சென்று பொறியின் சுழற்சியைக் குறைக்கலாம். ஆகவே தானியக்க வகை ஆய்வகத்தில் ஒரு கிலோமீட்டர் முந்துவதைக் கொண்டு, பழகிய ஓட்டுநரையும் அது முந்திவிடும் என முடிவு செய்வது சரியன்று. உரிய நேரத்தில் மேல் கியருக்கு மாற்றுபவரால் கையியக்க வண்டியில் அறிவிக்கப்பட்ட எண்ணுக்கு அருகில் செல்ல இயலும். கியரைத் தாமதமாக மாற்றும் பழக்கம் உடையவருக்கோ தானியக்க வகையே சிக்கனமாக அமையும்.

சாலையின் பங்கு: குமணன்சாவடி

சென்னையின் மேற்குப் புறநகரில் பூந்தமல்லியை அடுத்துள்ள குமணன்சாவடி, இரு வேறு ஓட்டச் சூழல்கள் சந்திக்கும் இடமாகும். கிழக்கே காட்டுப்பாக்கம், ஐயப்பன்தாங்கல், போரூர் வழியாக நகருக்குள் செல்லும் சாலை நெரிசல் மிகுந்தது. சென்னை மெட்ரோவின் இரண்டாம் கட்டத்தில் நான்காம் வழித்தடம் இச்சாலையின் மேலேதான் அமைகிறது. கட்டுமானத்துக்காகச் சாலை குறுகிய ஆண்டுகளில் நெரிசல் மேலும் கூடியது. மேற்கே சில கிலோமீட்டர் சென்றால் பெங்களூரு நெடுஞ்சாலை தொடங்கும். இருங்காட்டுக்கோட்டை, திருப்பெரும்புதூர் ஆலைகளுக்குச் செல்வோர் மேல் கியரில் சீராக ஓட்டலாம்.

மேற்கே செல்வோருக்குச் செலுத்தத்தின் வகையால் சிக்கனத்தில் பெரிய வேறுபாடு வராது. பூட்டும் உரசிணைப்பி கொண்ட புதிய தானியங்கிகள் சீரான வேகத்தில் கையியக்க வண்டி போன்றே இயங்குகின்றன.

கிழக்கே செல்வோரின் நிலை வேறு. ஊர்ந்து செல்லும்போது முறுக்குவிசை மாற்றி பூட்டிக் கொள்ள வாய்ப்பில்லை என்பதால் வழுக்கல் தொடரும். தானியக்கக் கையியக்க வண்டியிலும் கையியக்க வண்டியிலும் எண்ணெய் வழுக்கல் இல்லை, ஆனால் உரசிணைப்பி அரைப் பிடிப்பிலேயே இருக்கும். எரிபொருளை விடத் தட்டின் தேய்மானமே அங்கு பெரிய செலவாகும். ஏற்றத்தில் பிரேக்கை மிதிக்காமல் ஆக்சிலரேட்டரால் வண்டியை நிறுத்தி வைப்பது தட்டை விரைவில் கருக்கிவிடும். ஒவ்வொரு சில மீட்டருக்கும் இடது காலால் மிதிக்க வேண்டிய வேலையை எந்த எண்ணும் காட்டுவதில்லை. முழங்கால் வலி உள்ளவர்கள் தானியங்கியை நாடுவதற்குச் சிக்கனம் காரணமன்று.

விலையும் மீட்பும்

தானியக்கக் கையியக்க வகை, அதே வண்டியின் கையியக்க வகையை விட ஏறத்தாழ 50,000 ரூபாய் கூடுதல் எனக் கொள்வோம். ஆண்டுக்கு 12,000 கி.மீ. ஓடும் குடும்பம் ஒன்று, லிட்டருக்கு 20 கி.மீ. தரும் வண்டியில் 600 லிட்டர் செலவிடும். 21 கி.மீ. தரும் வண்டியில் இது சுமார் 571 லிட்டர். பெட்ரோல் லிட்டர் 100 ரூபாய் எனில் மிச்சம் ஆண்டுக்கு ஏறத்தாழ 2,900 ரூபாய். கூடுதல் விலையை மீட்க 17 ஆண்டுகள் ஆகும். தனியார் பெட்ரோல் வண்டிக்குப் பதிவுக் காலமே 15 ஆண்டுகள்; அதன்பின் புதுப்பிக்க வேண்டும். எனவே சிக்கனத்துக்காக மட்டும் தானியங்கி வாங்குவது கணக்குக்கு ஒவ்வாது. அதே போல, அரை கிலோமீட்டர் குறையும் என அஞ்சித் தானியங்கியைத் தவிர்ப்பதற்கும் பெரிய காரணம் இல்லை.

ஒரு கிலோமீட்டர் வேறுபாட்டின் மதிப்பும் எங்கும் ஒன்றன்று. 10இலிருந்து 11ஆக உயர்ந்தால் 100 கிலோமீட்டருக்கு 0.91 லிட்டர் மிச்சம். 20இலிருந்து 21ஆக உயர்ந்தால் 0.24 லிட்டரே. பெரிய வண்டி வாங்குவோர்தான் இவ்வேறுபாட்டைக் கூர்ந்து பார்க்க வேண்டும்.

நியூட்ரலில் ஓட்டுதல்

இறக்கத்திலும் சிக்னலை நெருங்கும்போதும் கியரை நியூட்ரலில் விட்டால் எரிபொருள் மிச்சமாகும் என்பது ஓட்டுநர்களிடையே வேரூன்றிய நம்பிக்கை. கார்புரேட்டர் காலத்து வண்டிகளில் இதற்கு ஓரளவு அடிப்படை இருந்தது. எரிபொருள் உட்செலுத்தும் பொறிகளில், கியரில் இருந்தபடி ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் கணினி எரிபொருளை முற்றிலும் நிறுத்திவிடும். சக்கரங்களே பொறியைச் சுழற்றும். நியூட்ரலில் விட்டாலோ பொறி தானே சுழல்வதற்கு எரிபொருள் தேவைப்படும். மேலும் பொறியின் தடுப்பு விசை கிடைக்காமல் பிரேக் மட்டுமே வண்டியை நிறுத்த வேண்டியிருக்கும். தானியங்கி வண்டியை ஓட்டத்தில் நியூட்ரலுக்கு மாற்றுவது எவ்வகையிலும் பயன் தராது.

மின்வண்டிகள்

மின்னோடி சுழலத் தொடங்கும்போதே முழு முறுக்குவிசையைத் தருவதால், பெரும்பாலான மின் மகிழுந்துகளில் ஒரே குறைப்பு விகிதம் கொண்ட எளிய பற்சக்கரத் தொகுதியே உள்ளது. உரசிணைப்பியும் இல்லை, கியர் மாற்றமும் இல்லை. சென்னை மாநகரப் போக்குவரத்துக் கழகம் 2025இல் வியாசர்பாடி பணிமனையிலிருந்து இயக்கத் தொடங்கிய மின்பேருந்துகளின் ஓட்டுநர்களுக்கும் இரண்டே மிதிகள்தாம்.